மலைத்தோட்ட ஏணியும் செயற்கை நுண்ணறிவும்

சேர்வராயன் மலையில் காப்பிப் பழப் பறிப்பு ஓயுந் தறுவாயில் மிளகுப் பறிப்புத் தொடங்குகிறது. வெள்ளக்கடையிலும் அதனை யொத்த மலையூர்களிலும் காப்பிச் செடிக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக் மரங்களிலேயே மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுவது வழக்கம். மரம் வளர வளரக் கொடியும் உடன் வளர்ந்து முப்பதடி உயரத்துக்கும் மேலே போய்விடுகிறது. சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்தவுடன் பறித்தாக வேண்டும். தாமதித்தால் உதிர்வதும் பறவைகள் கொள்வதும் நஷ்டம். இவ்வளவு உயரத்துக்கு ஆள் ஏறுவதற்குத் தலைமுறை தலைமுறையாக மலைத் தோட்டங்களில் வழங்கி வரும் சாதனம், கணுக்களில் கிளைத் துண்டுகளைக் கால் வைக்கும் அளவுக்கு விட்டுக் கழித்த ஒற்றை மூங்கில். கண்ணேணி என்பது இதன் பழைய பெயர்.

இந்த ஏணியைப் பார்த்துப் பரிகசிக்கும் பட்டணத்துப் பொறியாளர்கள் உண்டு. பரிகசிப்பதற்கு முன் அது ஏன் இன்னும் வழக்கொழியாமல் இருக்கிறது என்று அவர்கள் யோசிக்க வேண்டும். மலைச் சரிவில் இரட்டைக்கால் ஏணியை நிறுத்தினால் ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலுமாக நிற்கும். ஒற்றை மூங்கிலுக்கோ ஒரு சிறு குழி போதும். நெருங்கி நிற்கும் காப்பிச் செடிகளின் நடுவே, கிளை ஒடியாமல், அதனை எளிதில் தூக்கிச் சென்று நுழைக்கலாம். விலையும் சொற்பம். ஆனால் அதன் குறை பெரிது. பூச்சி அரித்த மூங்கிலும், சென்ற ஆண்டு மழையில் கிடந்து உளுத்த மூங்கிலும் வெளிப்பார்வைக்கு நல்ல மூங்கிலைப் போலவே தோன்றும். ஆள் உச்சியில் இருக்கும்போது கணுத் துண்டு பெயர்ந்தால் அப்புறம் சொல்ல வேண்டுவதில்லை. முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவனுடைய குடும்பத்துக்கு அந்த ஆண்டு மிளகு விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான்.

ஆகவே நல்ல ஏணி ஒன்று வேண்டும் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அதனை எவ்வாறு அமைப்பது என்பதிலேதான் புதிய பேச்சு ஒன்று எழுந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் தேவையைச் சொன்னால் அவையே வடிவம், அளவு, பொருள், பளு தாங்கும் கணக்கு ஆகிய யாவற்றையும் சில நொடிகளில் தந்துவிடும். இனிக் கருவி அமைப்போர் மலையேறி அலைய வேண்டுவதில்லை என்று சிலர் சொல்லுகிறார்கள். இக்கூற்றில் பாதி மெய். மறு பாதி ஆபத்தானது.

மெய்யான பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஆட்டோடெஸ்க் கம்பெனியின் மென்பொருளைக் கொண்டு, மோட்டார் வண்டியின் ஆசனத்தில் பாதுகாப்பு வாரைப் பிணைக்கும் தாங்கி ஒன்றை அமைத்துப் பார்த்தார்கள். கணினி 150-க்கு மேற்பட்ட வடிவங்களை முன்வைத்தது. அவற்றுள் தேர்ந்தெடுக்கப்பட்டது, முன்பு 8 துண்டுகளைச் சேர்த்துச் செய்துவந்த தாங்கியை ஒரே துண்டாக்கியது. எடையில் 40 சதவிகிதம் குறைவு. வலிமையில் 20 சதவிகிதம் மிகுதி. மனிதன் வரைபலகையில் குனிந்து இத்தனை வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கணக்கிடப் பல மாதங்கள் ஆகியிருக்கும். இது பெரிய அனுகூலம் என்பதை மறுப்பது பிடிவாதமேயாகும்.

எனினும் அங்கே தாங்கி எந்த இடத்தில் பொருந்த வேண்டும், எந்தத் திசையில் எவ்வளவு இழுவை வரும், எந்த உலோகத்தைக் கொண்டு செய்ய வேண்டும் என்பவையெல்லாம் முன்னரே எழுத்தில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கணினி விடை சொன்னது, கேள்வி நிறைவாக இருந்தமையால். மிளகு ஏணிக்கு அத்தகைய கேள்வியை எழுதி வைத்திருப்பவர் யார்?

ஒரு பொறியாளர் சேலத்திலோ கோயம்புத்தூரிலோ அமர்ந்துகொண்டு, முப்பதடி உயரம், ஓர் ஆளின் பளு, கூடியவரை குறைந்த எடை, துருப்பிடிக்கலாகாது என்று இவ்வளவே சொல்லி ஏணி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இக்கேள்விக்கு நேர்மையான விடை அலுமினியக் குழாய் ஏணிதான். கணினி அதைச் சொன்னால் அது கணக்கில் பிழையன்று. ஆனால் தோட்டத்தின் ஊடே மின்சாரக் கம்பி போகிறது. காப்பிச் செடிகளின் மேலே, இலைகளுக்கு நடுவில், கண்ணுக்கு எளிதில் புலப்படாமல் அது போகும். நீண்ட ஏணியை நிமிர்த்திப் பிடித்தபடி மரத்துக்கு மரம் மாற்றிச் செல்லும் ஆள் கொடியைப் பார்ப்பானேயன்றிக் கம்பியைப் பார்ப்பதில்லை. குடகுப் பகுதித் தோட்டங்களில் மிளகு பறிக்கையில் அலுமினிய ஏணி மின்கம்பியில் பட்டு உயிரிழந்தோர் ஒருவர் இருவர் அல்லர். எடை குறைவென்று புகழ்ந்து வாங்கிய ஏணியே எமனாயிற்று. உலர்ந்த மூங்கில் அந்த ஓர் அபாயத்தையாவது பெரும்பாலும் தவிர்த்து வந்தது. நனைந்த மூங்கிலை அவ்விதம் நம்புவதற்கில்லை. மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழை ஏணிகளும் கடையில் உண்டு. அவை அலுமினியத்தினும் கனமானவை, விலையும் மிகுதி. இத்தனையும் தெரிந்தவர் கேட்கும் கேள்வி வேறு. அதற்குக் கணினி தரும் விடையும் வேறாக இருக்கும். கம்பி எங்கே போகிறது என்பது சரிவில் நடந்து சென்றவனுக்குத்தான் தெரியும்.

மனிதனை நடுவில் வைத்துக் கருவி அமைத்தல் என்று பொறியியல் நூல்கள் கூறுவது இதைத்தான். சர்வதேச தர நிர்ணய நிறுவனம் 1999-இல் இதற்கென்று ஒரு விதிமுறை வெளியிட்டு, பின்னர் 2010-இல் அதனை வேறோர் எண்ணில் புதுக்கியது. அதன் சாரம் மிக எளிது. கருவியைக் கையாளப் போகிறவர் யார், எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்பதை நேரில் அறிக. மாதிரி செய்து அவர் கையில் கொடுக்க. குறை கண்டால் திருத்தி மீண்டும் கொடுக்க. கிராமத்துக் கொல்லன் கலப்பைக்குக் கொழு அடித்துக் கொடுத்த முறையும் இதுவே. உழுகிறவன் மறுநாள் வந்து சொல்லுவான், அவன் மீண்டும் உலையில் வைப்பான். விதிமுறை எண் மட்டும் அவனிடம் இல்லை.

சராசரி மனிதனுக்கென்று கருவி செய்வதும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. அமெரிக்க விமானப்படையார் விமானிகளின் உடலளவுகளை எடுத்திருந்தார்கள். கில்பர்ட் டானியல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அவர்களுள் 4,063 பேருடைய அளவுகளில் 10 அளவுகளைத் தேர்ந்துகொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டியிருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்து, 1952-இல் தம் முடிவை வெளியிட்டார். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்கென்று செய்த ஆசனம் எவருக்கும் முற்றும் பொருந்தாது என்று அறிந்தபின், ஆளுக்குத் தக்கபடி நகர்த்தி வைக்கும் ஆசனங்கள் வந்தன. செயற்கை நுண்ணறிவின் இயல்போ, தான் கற்ற பெருந்தொகையில் அடிக்கடி வருவது எதுவோ அதனை நோக்கிச் சாய்வது. அது கற்ற படங்களிலும் எழுத்துகளிலும் மிகப் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் பிற நாடுகளிலும் உண்டானவை. சேர்வராயன் மலைச் சரிவில் வெறுங்காலுடன் ஏறும் ஓர் ஆள் அந்தத் தொகையில் எவ்வளவு சிறிய துளியாக இருப்பான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

இந்தியக் குடியானவருக்கும் உடலளவுப் பட்டியல் உண்டு என்பது பலர் அறியாதது. போபாலில் உள்ள வேளாண் பொறியியல் மத்திய நிறுவனத்தார், பல ராஜ்யங்களில் விவசாயத் தொழிலாளரை அளந்து, 79 உடலளவுகளையும் தள்ளுதல், இழுத்தல், பிடித்தல் முதலிய 16 வலிமை அளவுகளையும் தொகுத்து 2009-இல் நூலாக வெளியிட்டார்கள். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இத்திட்டத்தில் ஒரு நிலையமாக இருந்து உழைத்தது. அப்பட்டியலின்படி ஆணின் சராசரி உயரம் ஏறக்குறைய 164 சென்டிமீட்டர். பெண்ணின் உயரம் ஏறக்குறைய 152. இந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் சிறிய விஷயமன்று. முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தெளிப்பானில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அதன் வார் ஆணின் தோளுக்கு அளந்து தைக்கப்பட்டிருந்தால், பெண் சுமக்கும்போது தொட்டி இடுப்புக்குக் கீழே இறங்கி ஒவ்வோர் அடியிலும் இடித்துக்கொண்டே வரும். சரிவில் இறங்கும்போது முதுகுப் பளு பின்னுக்கு இழுக்கும். வாரை ஒரு சாண் ஏற்றிக் கட்டினால் தீரக்கூடிய தொல்லை. ஆனால் ஏற்றிக் கட்ட இடம் வைத்தல்லவோ தைத்திருக்க வேண்டும்!

இந்தப் பட்டியலைக் கணினிக்குக் கொடுத்து, இவ்வளவுகளுக்குள் அடங்குமாறு வடிவம் தா என்று கேட்பது மிகச் சரியான உபயோகம். கொடுக்காமல் கேட்பது பிறர் உடலுக்குத் தைத்த சட்டையை மலைவாசிக்கு மாட்டுவதாகும். மேலும் ஒன்று. அளவுகள் சமதரையில் நேராக நிற்கவைத்து எடுக்கப்பட்டவை. சரிவில் ஒரு முழங்கால் மடங்கி மறு கால் நீண்டு நிற்பவரின் எட்டும் தூரம் வேறு. சேர்வராயன் மலையின் ஆதிக்குடிகளான மலையாளி மக்கள் சரிவில் நடக்கும் நடையே வேறென்பதைக் கீழ்நாட்டிலிருந்து போகிறவர் முதல் நாளிலேயே காண்பர். (கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் பெயரில்தான் ஒற்றுமை, இவர்கள் தாய்மொழி தமிழ்.) ஆகவே மலைக் கருவிகளுக்கு மலையிலேயே சில அளவுகளையேனும் புதிதாக எடுத்தாக வேண்டும்.

அளவெடுப்பதற்கும் செயற்கை நுண்ணறிவு உதவக்கூடும். வேலை செய்வோரைக் கைப்பேசியில் படம்பிடித்தால் இடுப்பு, தோள், முழங்கை ஆகியவை எத்தனை பாகை வளைகின்றன என்று படத்திலிருந்தே கணக்கிடும் மென்பொருள்கள் சென்ற சில ஆண்டுகளில் வந்திருக்கின்றன. முன்பு ஒருவர் அருகில் நின்று, 1993-இல் இங்கிலாந்தில் வகுத்த மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்துக் குறித்த வேலை இது. காப்பி பறிக்கும் பெண் ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறாள், எத்தனை நேரம் கையைத் தலைக்கு மேலே வைத்திருக்கிறாள் என்பது தெரிந்தால், பறிப்புப் பையை இடுப்பில் கட்டுவதா தோளில் தொங்கவிடுவதா என்பதைத் தீர்மானிக்க நல்ல ஆதாரம் கிடைக்கும். ஆயினும் காப்பிச் செடி இடுப்பளவுக்கு அவளை மறைத்துவிடுகிறது. சேலைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் இடுப்பில் சாக்கு. முழங்கால் இருக்கும் இடம் படத்தில் தெரியாதபோது மென்பொருள் ஊகித்துச் சொல்லும். ஊகித்ததை அளந்ததுபோலவே எண்ணாக எழுதிக் காட்டும். கால்சட்டை அணிந்து வெளிச்சமான அறையில் நிற்பவருக்குச் சரியாக வரும் கணக்கு இங்கே வழுவுவதில் வியப்பில்லை. பத்துப் படங்களுக்கு ஒன்றையேனும் அளவுநாடா வைத்துச் சரிபார்த்தல் அவசியம்.

இவ்வாறு எடுக்கும் படங்கள் கருவி அமைப்பதற்கு மட்டுமே உபயோகப்பட வேண்டும். யார் விரைவாகப் பறிக்கிறார், யார் நின்று மூச்சு வாங்குகிறார் என்று எண்ணி, கூலி குறைப்பதற்கு அவற்றைத் திருப்பிவிட்டால், அப்புறம் அளவெடுக்க வருகிறவரைத் தொழிலாளர் ஒருவரும் கிட்டச் சேர்க்கமாட்டார்கள். சேர்க்காமலிருப்பது நியாயமுமாகும்.

எல்லாவற்றினும் மிகுதியாகக் கண்டிக்கத்தக்கது ஒரு புது வழக்கம். கருவியைக் கையாளுவோரிடம் சென்று கேட்பதற்குப் பதிலாக, செயற்கை நுண்ணறிவையே அவர்களைப்போல் நடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது. நீ நாற்பது வயதுள்ள தோட்டத் தொழிலாளி. இந்த ஏணியில் உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால், அதுவும் நயமான விடை சொல்லும். பறிப்புக் காலத்தில் ஆட்களைத் தேடி மலையேறுவதைவிட இது மலிவு. இதனால் கிடைப்பது என்ன? பிறர் முன்னமே எழுதி வைத்தவற்றின் கலவை. எழுதப்படாத கஷ்டம் அதில் வராது. மலைத் தோட்டத்தின் கஷ்டங்களோ பெரும்பாலும் எழுதப்படாதவை.

நேரில் கேட்பதும் எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். புதுக் கூடையைக் கொடுத்துவிட்டு, "அக்கா, கூடை எப்படி இருக்கிறது?" என்று மேஸ்திரி முன்னிலையில் கேட்டால், "நல்லா இருக்குங்க" என்றுதான் விடை வரும். வந்தவரின் மனம் நோகலாகாது என்னும் மரியாதை அது. அவ்விடையைத் தாளில் எழுதிக்கொண்டு இறங்குவோர் ஒன்றும் அறியாமல் இறங்குகிறார்கள். அறிய விரும்புகிறவர் மூன்றாம் நாள் காலையில் மறுபடி போய், அந்தப் பெண் கையில் இருப்பது புதுக் கூடையா பழைய சாக்குப் பையா என்று பார்க்க வேண்டும். புதுக் கூடையின் விளிம்பில் துணி சுற்றியிருந்தால் அதுவே விடை. கைப்பிடி உறுத்துகிறது என்று அவள் வாயால் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விதமான விடையை எந்தக் கணினியும் நடித்துக் காட்டமுடியாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது தள்ளத்தக்கதன்று. வெள்ளக்கடை போன்ற சிற்றூருக்கு எந்தப் பொறியாளர் எப்போது வந்தார்? கால் ஏக்கர், அரை ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்கு ஏணி அமைத்துக் கொடுப்பதில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? செயற்கை நுண்ணறிவு ஒன்றே அவருக்குக் கிட்டக்கூடிய பொறியாளர் என்றால் அதையும் தடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தடுக்கலாகாது என்பதே பதில். உண்மையில் இக்கருவிகள் பெரிய கம்பெனியாரைவிட மலையடிவாரத்துப் பட்டறைக்காரருக்கே அதிகப் பயன்படக்கூடியவை. இரும்பு பற்றவைக்கவும் மரம் இழைக்கவும் அவருக்குத் தெரியும். பறிக்கிற ஆட்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அவரிடம் இல்லாதது வரைபடமும் பளுக் கணக்கும். பழத்தோட்டங்களுக்காக மேல்நாடுகளில் வழங்கும் முக்காலி ஏணி ஒன்று உண்டு. அதன் மூன்றாவது கால் நீண்டும் ஒடுங்கியும் செடிகளுக்கிடையே புகும். மேடு பள்ளத்திலும் நிலைத்து நிற்கும். ஆரஞ்சு, காப்பி ஆகியவற்றின் உயரத்துக்கு அது போதும். முப்பதடி மிளகுக்குப் போதாது. அதன் காலைச் சேர்வராயன் சரிவுக்கு எவ்வளவு நீட்டலாம் என்று ஒரு பட்டறைக்காரர் கணினியிடம் தமிழில் கேட்டு, இரவில் விடை பெற்று, காலையில் செய்து, மாலையில் சோதித்துவிடலாம்.

மொழியைச் சொல்லும்போது கர்நூல் ஜில்லாவின் அனுபவம் நினைக்கத்தக்கது. 2016-இல் அங்குள்ள தேவனகொண்ட வட்டாரத்தில் இக்ரிசாட் நிறுவனத்தாரும் மைக்ரோசாப்ட் கம்பெனியாரும் 175 குடியானவர்களுக்கு நிலக்கடலை விதைக்கத் தக்க நாளைச் செயற்கை நுண்ணறிவால் கணித்துத் தெரிவித்தார்கள். விலையுயர்ந்த கைப்பேசி வேண்டியிருக்கவில்லை. சாதாரணக் கைப்பேசிக்குத் தெலுங்கில் குறுஞ்செய்தி போயிற்று. விளைச்சல் சராசரி 30 சதவிகிதம் கூடியதாக அவர்கள் அறிவித்தார்கள். கணக்கு எவ்வளவு நுட்பமாயினும், அது சேரவேண்டியவர் கையிலிருக்கும் சாமானுக்கும் அவர் வாய்மொழிக்கும் ஏற்ப அமைந்தமையால்தான் சேர்ந்தது. சேர்வராயன் மலையின் பேச்சு வழக்கு சேலம் கடைவீதி வழக்கினின்றும் சற்று மாறுபட்டது. பேச்சைக் கேட்டு எழுதும் கருவிகள் அதில் இடறுமிடங்களைத் திருத்துவதும் கருவி அமைப்போர் கடமையே.

ஏணி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இக்கருவிகள் பிழையான கணக்கையும் சரியானதைப்போலவே தடையின்றிச் சொல்லும். கூடை பிழைத்தால் ஒரு நாள் வேலை கெடும்; ஏணி பிழைத்தால் ஆள் போவான். வரைபடம் எங்கிருந்து வந்திருந்தாலும், மனிதன் ஏறுமுன் அவன் எடையைப்போல் இருமடங்கு மணல் மூட்டையை உச்சிப் படியில் ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது. முறிந்தால் கணினியைக் குறைகூறிப் பயனில்லை. செய்து விற்றவர் பெயரும் செய்த தேதியும் ஏணியின் அடியில் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

வரைவதில் மிச்சமாகும் நாட்கள் எங்கே போகின்றன என்பதே இனிக் கவனிக்க வேண்டியது. ஒரு மாத வேலை மூன்று நாளில் முடிந்துவிட்டது என்று அடுத்த கருவிக்குத் தாவிவிட்டால் மலைக்கு ஒரு லாபமும் இல்லை. மிஞ்சிய நாட்களைச் சரிவில் செலவிட்டால் உண்டு. ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழே சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் உடலளவுப் பட்டியலும் அளக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் புரட்டாசியில் அளவெடுத்து, ஐப்பசியில் இரண்டு மூன்று வகை மாதிரி ஏணிகள் செய்து, கார்த்திகைக்குள் மலைக்கு அனுப்பிவிடலாம். தைப் பறிப்புக்கு முன் ஒரு மாதம் கிடைக்கும். கம்பி போகாத மேட்டுத் தோட்டத்தில் சிலவும், காப்பி தாழ்ந்து நிற்கும் சிறு தோட்டங்களில் சிலவுமாகப் பழைய மூங்கிலின் பக்கத்திலேயே சாத்தி வைத்து, காலையில் ஆட்கள் எதனை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று குறித்துவர ஒருவர் போதும்.